பூசக்கூடாத முனைகள்

கண்டிச் சந்தையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பக்கத் தெருவில், நான் வேலை பார்த்த ஆறு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. ஆறு மாடி என்று சொன்னால் கொழும்புக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இருபத்திரண்டு அடி அகலக் காணியில், பின்னால் மலை செங்குத்தாக எழும்பி நிற்க, பக்கத்துக் கடைச் சுவரில் உரசாமல் ஆறு மாடி எழுப்பிப் பார்த்தால்தான் அவர்களுக்குத் தெரியும். அந்தத் தெருவால் போகும்போதெல்லாம் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவேன். எனக்கு அதில் பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு. பெருமையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. வெட்கத்தை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

காணி ஒரு துணிக்கடை முதலாளியுடையது. ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர் என்பதால் தெருவே அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். அவருடைய பழைய கடைக்கு இரண்டடித் தடிப்பில் சுவர், மேலே ஒரே ஒரு மாடி. அதை இடித்துவிட்டு ஆறு மாடி வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். செங்கல்லில் அது நடக்காது. செங்கல் சுவர் தன் பாரத்தையும் தாங்கி, தனக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு மாடியின் பாரத்தையும் தாங்க வேண்டும். மாடி கூடக் கூட அடிச்சுவர் பருத்துக்கொண்டே போகும். அந்தக் காணியில் அப்படிக் கட்டினால் கீழே சுவர் மட்டும்தான் மிஞ்சும், துணி விற்க இடம் மிஞ்சாது. உலகத்தில் கட்டடங்கள் அவ்வளவு காலம் குள்ளமாக இருந்ததற்கு அதுவே பெரிய காரணம். மனிதருக்கு உயர ஆசை இல்லாமல் இல்லை.

கொன்கிரீட்டில் கட்டலாம்தான். ஆனால் அந்தத் தூண்கள் கடையின் நடுவிலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அத்தனை பாரத்தை மலையடி மண் தாங்குமா என்பதும் சந்தேகம். போதாததற்கு, கலவை இயந்திரத்தை நிறுத்தத் தெருவில் இடமே இல்லை. அதனால்தான் எங்கள் இஞ்சினியர் உருக்கு என்றார். உருக்குத் தூணும் உத்தரமும் சேர்ந்து ஒரு கூடாக நின்று எல்லாப் பாரத்தையும் தூக்கிக்கொள்ளும். சுவர் மழையையும் வெயிலையும் மறித்தால் போதும். எங்கோ ஒரு பட்டறையில் அளவாக வெட்டித் துளைத்துக் கொண்டுவந்து, இங்கே தூக்கி நிறுத்திப் பூட்டலாம். இன்றைக்குப் பெரிய பெரிய நகரங்களில் வானத்தை மறைத்து நிற்பதெல்லாம் இந்த ஒரு யோசனையால்தான்.

இஞ்சினியர் யாழ்ப்பாணத்துப் பையன். பையன் என்று சொல்வது அவர் காதில் விழாமல் இருக்க வேண்டும். என்னைவிட எட்டு வயது இளையவர். நான் அவரை ‘சேர்’ என்பேன், அவர் என்னை ‘அக்கா’ என்பார், வேலை ஒழுங்காக நடந்தது. நான் படம் வரைபவளாகச் சேர்ந்து, பிறகு வேலைத்தலத்தை மேற்பார்வை செய்கிறவளாக ஆகியிருந்தேன். சேலையோடு மஞ்சள் பாதுகாப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் தெருவில் நிற்பதைப் பார்க்கவே சிலர் வந்து போவார்கள்.

உருக்குத் தூணின் அளவைப் படத்தில் பார்த்ததும் ஹாஜியாருக்கு முகம் மாறிவிட்டது. இஞ்சினியரிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் வந்தார்.

“செல்லு புள்ள, இந்தக் காலிலயா ஆறு மாடி நிக்கப் போகுது? என்ட கடையில துணி உருளை இதவிட மொத்தமா ஈக்கிது.”

நான் பன்வில தோட்டத்தில் பிறந்தவள். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். எங்கள் ஸ்டோர் நான்கு மாடி. அதைப் பார்த்தபடியே வளர்ந்தும், அது எப்படி நிற்கிறது என்று படிக்கப் போகும்வரை நான் யோசித்ததே இல்லை.

“ஹாஜியார், தேயிலை ஸ்டோர் பார்த்திருக்கீங்களா?”

“பார்க்காம?”

“அதுக்குச் சுவர் எதுல?”

“தகரம். மத்தது கண்ணாடி.”

“தகரத்துலயும் கண்ணாடியிலயும் நாலு மாடி நிக்குமா?”

அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். “அப்ப உள்ளுக்கு ஈக்கிற இரும்புதான் நிக்குது. சுவர் சும்மா சட்டை.” பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. “சட்டையப் பத்தி நீ எனக்குச் செல்லத் தேவையில்ல புள்ள.”

அதற்குப் பிறகு அவர் சந்தேகம் கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி அதை விளக்கிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் ஸ்டோரின் இரும்புக்குப் பெயிண்ட் பூசுவது அவர் வேலை. பன்வில மழை சும்மா மழையல்ல. பூச்சு விட்ட இரும்பை அது இரண்டு மாதத்தில் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் பெருமழைக்கு முன்னால், நான்கு ஆட்களோடு கயிற்றில் தொங்கி, தூண், உத்தரம், ஆணித் தலை என்று ஒன்று விடாமல் சிவப்புப் பெயிண்ட் பூசிவிடுவார். ஓர் ஆணித் தலை வெறுமனே இருந்தாலும் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கூப்பிட்டு ஏசுவார். அண்ணன் ஏச்சு வாங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு ஸ்டோரை மூடிவிட்டார்கள். கொழுந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. அண்ணனும் அந்த நான்கு பேரும் கிடைத்த வேலையெல்லாம் செய்தார்கள். வத்தேகமவில் மூட்டை தூக்கினார்கள், யாரோ வீட்டுக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள், வேலை இல்லாத நாட்களில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்கவே முடியவில்லை. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டு வேலைக்குப் போனார். நான் படித்ததற்கு அவர் படிக்காததும் ஒரு காரணம்.

எனவே உருக்கு வரப்போகிறது என்றதும் இஞ்சினியரிடம் போய் நின்றேன். இறக்குவதற்கும், லொறியில் கீறல் பட்ட இடங்களுக்குப் பெயிண்ட் தொடுவதற்கும் ஐந்து பேர் வேண்டியிருந்தது.

“உங்கட அண்ணையோ? ஓம் அக்கா, கூட்டிக்கொண்டு வாங்கோ,” என்றார். “வேலை வடிவா இருந்தா, பிறகு பூட்டுறதுக்கும் அவையளையே வச்சிருப்பம். ஆறு மாடிக்கும் வேலை இருக்கு.”

அதை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து லொறிகள் வந்தன. தெருவில் இடம் இல்லாததால் கட்டுகஸ்தோட்டைப் பாதையோரம் ஒரு வெறும் வளவை எடுத்து, அங்கே உருக்கை இறக்கி அடுக்கினோம். தூணும் உத்தரமும் முழுக்கச் சிவப்புப் பூச்சு, முனைகளில் மட்டும் வெறும் இரும்பு. அது வேண்டுமென்றே விட்டது. அந்த முனைகளில்தான் ஒரு தகடு இன்னொரு தகட்டோடு சேரும். போல்ட்டை முறுக்க முறுக்க இரண்டு தகடும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில்தான் கட்டடம் நிற்கிறது. இடையில் பெயிண்ட் இருந்தால் பிடி வழுக்கும்.

இஞ்சினியர் அன்று பின்னேரம் கொழும்புக்குப் போக இருந்தார். போகும்முன் என்னைக் கூப்பிட்டு, “அக்கா, முனையளில பெயின்ற் படக்கூடாது. ஆக்களுக்கு வடிவாச் சொல்லிவிடுங்கோ,” என்றார்.

சொல்வதற்கு என்ன? ஒரு வரி. நான் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணனும் நான்கு பேரும் உருக்கின் மேலே உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நான்கு பேருக்கும் அண்ணன்தான் தலைவர். இருபது வருடமாக இரும்புக்குப் பெயிண்ட் பூசுகிறவரிடம், அவருடைய ஆட்களுக்கு முன்னால், இதைப் பூசு அதைப் பூசாதே என்று தங்கச்சி சொல்வதா? எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. அண்ணன் சொல்வார், நாங்கள் கேட்போம். வேறு யாராவது மேஸ்திரி பாஸ் என்றால் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்துத் தடவை சொல்லியிருப்பேன், என் வாய் அந்த வேலைத்தலத்தில் பிரசித்தம். அன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை.

“கீறல் பட்ட இடமெல்லாம் தொட்டுடுங்கண்ணே. மத்தது எல்லாம் இதுல இருக்கு,” என்று படத்தைக் கொடுத்தேன்.

அவர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படத்தில் எழுதியிருந்தது ஆங்கிலம். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தங்கச்சியிடம் வாசித்துச் சொல் என்று அவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு பிரிந்தோம்.

திங்கட்கிழமை காலை நான் வளவுக்குப் போனபோது ஐந்து பேரும் எனக்கு முன்னே வந்து நின்றார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு. உருக்கு அடுக்கைப் பார்த்தேன். ஒரு முனை விடாமல் அத்தனையும் சிவப்பு.

“கொழும்புக்காரனுங்க வேலய பாத்தியா?” என்றார் அண்ணன். “நுனியெல்லாம் வெறுமனே வுட்டுட்டானுங்க. மழ வருது, மனசு கேக்கல. நேத்து ஞாயித்துக்கெழமன்னு பாக்காம வந்து ரெண்டு கோட் அடிச்சிட்டோம். யாரும் சொல்லல, நாங்களா செஞ்சதுதான்.”

வேறு எந்த ஆட்களும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரில் படுத்துத் தூங்கியிருப்பார்கள். வத்தேகமவுக்கு வந்து, பஸ் மாறி, கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்துவந்து, கேட்காத வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார்கள். ஓர் இடத்திலும் பெயிண்ட் வழியவில்லை. நான் “நல்லாருக்குண்ணே” என்றேன். அதைச் சொல்லிவிட்டு அலுவலகக் கொட்டிலுக்குள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வெட்கம் இங்கேதான் இருக்கிறது. இஞ்சினியர் பத்து மணிக்கு வருவார். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நான் கணக்குப் போட்டேன். கிரேன் வியாழக்கிழமை வருகிறது. அன்று போயா, பௌர்ணமி விடுமுறை, கடைகள் பூட்டு. அந்த ஒரு நாள்தான் தெருவைப் பகல் முழுக்க மறிக்க அனுமதி, மற்ற நாட்களில் கடை திறக்கும்வரை மட்டும். மழைக்கென்று படங்கை இழுத்து மூடிவிட்டால் இஞ்சினியர் ஒவ்வொரு முனையையும் திறந்து பார்க்கமாட்டார், என்னைத்தான் கேட்பார். நான் தலையாட்டினால் போதும். தகட்டோடு தகடு சேர்ந்து பூட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று பிறகு கடவுளுக்கும் தெரியாது. கட்டடம் உடனே விழப்போவதும் இல்லை. சொன்னால், கொழும்பிலிருந்து வேறு ஆட்கள் வருவார்கள், அண்ணன் மத்தியான பஸ்ஸில் பன்விலவுக்குப் போய் அதே வாசலில் உட்காருவார். ஒரு மணி நேரம் முழுக்க நான் பொய்யின் பக்கம்தான் இருந்தேன்.

என்னை மாற்றியது பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. ஹாஜியார்தான். ஒன்பதரை மணிக்கு அவர் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வளவுக்கு வந்தார். அந்தப் பிள்ளையை உருக்குத் தூணின் மேலே நிற்கவைத்து, “இதுக்கு மேலதான் வாப்பப்பாட கடை,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை காலால் தூணை உதைத்துப் பார்த்தது. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

இஞ்சினியர் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே போய்ச் சொன்னேன்.

“சேர், முனையெல்லாம் பெயிண்ட் பட்டிருக்கு. பிழை என்னோடது.”

அண்ணன் பின்னாலேயே வந்திருந்தார். “அதெல்லாம் இல்லீங்க. பூசுனது நான். தங்கச்சி மேல பழி வேணாம்.”

“நான் சொல்லல சேர். நீங்க சொல்லச் சொன்னீங்க. நான் கடதாசியக் குடுத்துட்டு வந்துட்டேன். அதுல இங்கிலீசுல இருந்துச்சு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. நான்கு ஆட்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அண்ணன் தரையைப் பார்த்தார். அவர் தலைகுனிந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் நாக்கைப் பிடுங்கிப் போட வேண்டும் போல இருந்தது.

இஞ்சினியர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். “கொழும்பில இருந்து ஆக்களைக் கூப்பிட வேண்டி வரும் அக்கா,” என்று மெதுவாகச் சொல்லி, கைபேசியை எடுத்தார்.

அப்போது அண்ணன் நிமிர்ந்தார். “போகச் சொன்னா போறோம் சேர். ஏன் பூசக்கூடாதுன்னு மட்டும் காட்டிட்டு அனுப்புங்க. தெரியாமப் போக மனசில்ல.”

கைபேசி காதருகே போன இடத்திலேயே நின்றது. இஞ்சினியர் அதைப் பைக்குள் போட்டுவிட்டு, வெட்டி எஞ்சிய தகட்டுத் துண்டுகள் நான்கைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு வெறும் தகடுகள், இரண்டு பெயிண்ட் பூசிய தகடுகள். இரண்டு சோடியையும் தனித்தனியே ஒவ்வொரு போல்ட்டால் சேர்த்து, ஸ்பேனரை அண்ணனின் கையில் கொடுத்தார்.

“நீங்களே இறுக்குங்கோ அண்ணை. ரெண்டுக்கும் ஒரே பலம்.”

அண்ணன் இறுக்கினார். இஞ்சினியர் ஓர் ஆணியால், சேர்ந்திருந்த இரண்டு தகடுகளின் விளிம்புக்குக் குறுக்கே ஒரு கோடு கீறினார். இரண்டு சோடியிலும் கீறிவிட்டு, சுத்தியலையும் அண்ணனிடமே கொடுத்தார். வெறும் தகட்டில் அண்ணன் ஓங்கி ஐந்தாறு அடி போட்டார். குனிந்து பார்த்தார். கோடு நேராக இருந்தது. பூசின தகட்டில் இரண்டே அடி. கோடு முறிந்து, மேல் பாதி ஒரு பக்கமும் கீழ்ப் பாதி ஒரு பக்கமுமாக விலகிக் கிடந்தது.

அண்ணன் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். தன் ஆட்களைக் கூப்பிட்டு அவர்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

“நான் போல்ட்டுதான் தூக்கி நிக்குதுன்னு நெனச்சேன்,” என்றார். “தகடுதான் தகட்ட புடிச்சிருக்கு. நான் அதுக்கு நடுவுல எண்ணெயத் தேச்சு வுட்ட மாதிரி செஞ்சிருக்கேன்.” பிறகு இஞ்சினியரிடம் திரும்பினார். “கெரேன் வர்ற வரைக்கும் டைம் தாங்க சேர். நாங்க போட்டத நாங்களே எடுக்கிறோம்.”

“புதன் பின்னேரம் வந்து பார்ப்பன். ஒரு முனையில சிவப்பு இருந்தாலும் கிரேனைத் திருப்பி அனுப்பிப்போடுவன். பிறகு நீங்களும் இல்லை, நானும் இந்த வேலையில இல்லை.”

“சரிங்க.”

கம்பி பிரஷ், தின்னர், பழைய துணி. ஹாஜியார் விஷயத்தைக் கேள்விப்பட்டு ஏசுவார் என்று பயந்தேன். தற்காலிகமாக எடுத்திருந்த கடையிலிருந்து ஒரு கட்டு வெட்டுத்துணியை அனுப்பி வைத்தார். அன்று பகலே மழை தொடங்கிவிட்டது. படங்கைக் கட்டி, அதன் அடியில் உட்கார்ந்து தேய்த்தார்கள். அவ்வளவு நன்றாகப் பூசிய பெயிண்ட் அவ்வளவு லேசில் வருமா? நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். “நீ போய் ஒன் வேலயப் பாரு,” என்றார் அண்ணன். “இதுதான் என் வேலை,” என்றேன்.

பின்னேரம் தேநீர் நேரத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் கடதாசியை எடுத்தார். மடிப்பெல்லாம் ஈரம். எல்லாருக்கும் நடுவில் அதை விரித்து என் முன்னால் வைத்தார்.

“இதுல என்னா எழுதியிருக்கு? வாசி.”

நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். எது தூண், எது உத்தரம், எந்த முனை எதோடு சேரும், எங்கே எத்தனை போல்ட், எங்கே பூசக்கூடாது. அவர் நடுநடுவே கேள்வி கேட்டார், அதிலே ஒரு கேள்விக்கு எனக்கே விடை தெரியவில்லை. மறுநாள் இஞ்சினியரிடம் கேட்டு வந்து சொன்னேன். புதன்கிழமை ஆகும்போது அந்த ஐந்து பேரும் படத்தைத் தலைகீழாக வைத்தாலும் எந்தத் துண்டு எந்த மாடிக்கு என்று சொல்லிவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை வேறொரு வேதனை. தேய்த்துச் சுத்தமாக்கிய முனைகளில் ஈரக்காற்றுப் பட்டு மெல்லிய மஞ்சள் படர்ந்திருந்தது. துரு. அண்ணனால் அதைத் தாங்க முடியவில்லை. பெயிண்ட் வாளியிருந்த பக்கம் அவர் கண் போய்ப் போய் வந்தது. நான் வாளியைத் தூக்கிக் கொட்டிலுக்குள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். இஞ்சினியர் வந்து பார்த்து, உதிர்கிற துருவை மட்டும் தட்டிவிட்டால் போதும், இவ்வளவு மெல்லியது இருந்தால் பிடி குறையாது என்றார்.

“இருவது வருசமா இந்தத் துருவோட சண்ட போட்டேன்,” என்றார் அண்ணன். “இப்ப என்னான்னா அதுவும் நம்ம பக்கங்கிறாங்க.” திங்கட்கிழமை காலைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

புதன்கிழமை பின்னேரம் இஞ்சினியர் டோர்ச்சோடு வந்து ஒவ்வொரு முனையாகப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம். கடைசியில் எழும்பி, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, “சரி, நாளைக்குப் பூட்டுவம்,” என்றார். “கீழ் ரெண்டு மாடியையும் நாளைக்குள்ள இவை ஒழுங்காப் பூட்டினால், மிச்சமும் இவைக்குத்தான். ஆனா ஒவ்வொரு முனையும் சேருறதுக்கு முன்னம் ஒராள் பார்க்கவேணும். அது நீங்கள்தான் அக்கா. நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் ஒரு நட்டும் இறுக்கப்படாது.”

அண்ணன் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

போயா காலை தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வளவிலிருந்த உருக்கை விடியற்காலையே லொறியில் கொண்டுவந்திருந்தோம். கிரேன் முதல் தூணைத் தூக்கி நட்டபோது, பூட்டிய கடைகளின் மேல்மாடி ஜன்னல்களிலெல்லாம் தலைகள். ஒரு தூண், இரண்டு தூண், நடுவே ஓர் உத்தரம். பத்து மணிக்கு வெறும் காணியாக இருந்த இடத்தில் மத்தியானத்துக்குள் ஒரு மாடி உருவாகி நின்றது. செங்கல்லில் என்றால் அதற்கு ஒரு மாதம் ஆகும். எனக்கு மேலே வெறும் வானம்தான் இருந்தது, ஆனாலும் அங்கே அறைகள் இருப்பது தெரிந்தது. ஹாஜியார் நடுத்தெருவில் நின்று கையேந்தி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

நான் சாரத்தில் ஏறி ஏறி ஒவ்வொரு முனையையும் பார்த்தேன். கீழ் மாடி முழுக்க “சரி”, “சரி” என்று போனது. இரண்டு மணியளவில் இரண்டாம் மாடியின் பின்பக்க உத்தரம் மேலே வந்தது. மலைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. அண்ணனும் இன்னொருவரும் மேலே நின்று உத்தரத்தை இழுத்துத் தூணோடு பொருத்தி, இரண்டு போல்ட்டைக் கையால் போட்டுவிட்டார்கள். நான் ஏறிப் போவதற்குள் நடந்துவிட்டது. சேரும் இடத்தில் இன்னும் ஒரு விரல் இடைவெளி இருந்தது. டோர்ச்சை அடித்தேன். உள் மூலையில், பெருவிரல் நகமளவு சிவப்பு.

நேற்று இஞ்சினியரின் கண்ணுக்கும் தப்பியது அது. அந்த முனையைத் தேய்த்தது அண்ணன்.

கிரேன்காரர் கீழேயிருந்து, “மிஸ், வெஸ்ஸ எனவா,” என்று சிங்களத்தில் கத்தினார். மழை வருவது எனக்கும் தெரியும். நகமளவு பெயிண்டில் ஒன்றும் ஆகாது என்று ஒரு மனம் சொன்னது. அது உண்மையாகவும் இருக்கலாம். அண்ணன் ஸ்பேனரைப் போல்ட்டில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அவருடைய ஆட்கள் பார்த்தார்கள். கீழே இஞ்சினியர் பார்த்தார்.

“அண்ணே, இதைக் கழட்டுங்க,” என்றேன். “நுனியில செவப்பு இருக்கு.”

வாழ்நாளில் நான் அவருக்குச் சொன்ன முதல் கட்டளை அது. குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எதிர்க் கடை ஜன்னல்வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் ஸ்பேனரைப் போல்ட்டிலிருந்து எடுத்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம் திரும்பினார். “காதுல வுழலியா? கழட்டுன்னு சொல்லுது. கழட்டு.”

கழற்றினார்கள். கிரேன் உத்தரத்தை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணன் சாய்ந்து, கம்பி பிரஷை உள்ளே விட்டுத் தேய்த்தார். துணியால் துடைத்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி தேய்த்தார். பிறகு ஒதுங்கி எனக்கு இடம் விட்டார். நான் டோர்ச்சை அடித்து நிதானமாகப் பார்த்தேன். மழையின் முதல் துளிகள் தொப்பியில் விழுந்தன. யாரும் அவசரப்படுத்தவில்லை, கிரேன்காரர்கூட.

“சரிண்ணே. இறுக்குங்க.”

அதற்குப் பிறகு அன்று நான் பார்க்காமல் ஒரு முனையிலும் அவர்கள் கையால்கூடப் போல்ட் போடவில்லை. உத்தரம் வந்து நின்றதும் அண்ணன் மேலேயிருந்து, “தங்கச்சி, வந்து பாரு,” என்று கூப்பிடுவார். நான் ஏறிப் போகும்வரை ஐந்து பேரும் மழையில் நனைந்தபடி நின்றார்கள்.

ஆறு மணிக்கு இரண்டு மாடியும் நின்றன. ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது இஞ்சினியர் வந்தார். சட்டை முழுக்க ஈரம், முகம் முழுக்கச் சிரிப்பு.

“அப்ப அண்ணை, மேல்மாடியளுக்கும் நீங்கள்தானே?”

அண்ணன் பெட்டியை மூடினார். என் பக்கம் கையைக் காட்டினார்.

“தங்கச்சியக் கேளுங்க சேர். அது சொன்னா வர்றோம்.”

நான்கு ஆட்களும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. அழுதால் தொப்பிக்கு மரியாதை இல்லை என்று குரலைக் கடுமையாக்கிக்கொண்டேன்.

“வாங்கண்ணே. ஏழு மணிக்கு. பிந்தக்கூடாது.”

மறுநாள் ஆறே முக்காலுக்கே ஐந்து பேரும் வந்து நின்றார்கள்.